வேர்ச்சொல் காணி உறுதியன்று

‘படி’ என்னும் வினைச்சொல் தமிழா, வடமொழியா என்று கேட்டுவிட்டால் நம்மவரிடையே உடனே இரண்டு படைகள் அணிவகுத்து நிற்கின்றன. ஒரு படையினர் வடமொழியிலுள்ள ‘பட்’ என்னும் தாதுவைக் கையில் ஏந்தி வருவர். படிப்பதற்கும் பிறரிடம் சொல் இரந்த மொழி தமிழ் என்பது அவர்கள் கட்சி. மற்றப் படையினர் அந்தத் தாதுவே தமிழிலிருந்து களவு போனது என்பர். ஆரியரின் தாதுக்கள் அனைத்தும் நம் வீட்டுக் கொல்லையில் முளைத்தவை என்பது அவர்கள் கட்சி. இரு சாராரின் முழக்கத்தையும் நாம் மேடைகளிற் கேட்டிருக்கிறோம், ஏடுகளிற் படித்திருக்கிறோம். (‘படித்திருக்கிறோம்’ என்று எழுதுகையில், எந்தப் படையார் இதனைக் கணக்கிற் சேர்த்துக்கொள்வரோ என்ற அச்சமும் எழுகிறது.) இவ்வழக்கிலே தீர்ப்புக் கூற நமக்குத் தயக்கமில்லை, சற்றுப் பின்னர்க் கூறவும் போகிறோம். ஆயின் வழக்குத் தொடுக்கப்பட்ட முறையே பிழையானது என்பதும், அப்பிழையால் வகுப்பறையிலிருக்கும் பிள்ளைக்கு நேரும் நட்டம் பெரிது என்பதுமே நாம் முதன்மையாகச் சொல்ல வருவன.

வழக்குப் பொருளை முதலில் விளங்கிக்கொள்வோம். பாணினியின் இலக்கண மரபைச் சேர்ந்த தாதுபாடம் ஏறத்தாழ 2000 வினையடிகளைப் பத்துக் கணங்களாக வகுத்துத் தருவது. அதன் முதற் கணத்திலே வருகிறது ‘பட்’; நம் டகரத்தோடு மூச்சொலி கலந்து ஒலிப்பது. அதற்கு அங்கே கூறப்படும் பொருள் எழுத்தைக் கண்ணாற் பார்த்தலும் அன்று, கருத்தை மனத்தால் ஆராய்தலும் அன்று. வாயினால் தெளிவுபட ஒலித்தல் என்பதே. பாடம், பாடசாலை, பாடபேதம், பாடாந்தரம் என்பன இதன் வழி வந்தவை. வேதத்தைக் ‘கனம்’ என்னும் கடினமான முறையில் மாற்றி மாற்றி ஒப்பிக்க வல்லவர் கனபாடி எனப்பட்டார். தாதுபாடம் என்ற நூற்பெயருக்குள்ளேயே இந்தத் தாது அமர்ந்திருப்பதையும் காணலாம். எழுதிவைத்த பட்டியல் என்பதல்ல, ஒப்பித்துக் காத்த பட்டியல் என்பதே அப்பெயரின் கருத்து.

இத்தாது வடமொழியிலும் மிகப் பழையதன்று. இருக்கு வேதத்தில் இதனைக் காணோம். பிற்பட்ட வேத நூல்களிலேதான் தலைகாட்டுகிறது. கிரேக்கம், இலத்தீன் முதலான உறவு மொழிகளில் இதற்கு ஐயமற்ற உடன்பிறப்பு எதுவும் காட்டப்படவில்லை. கற்றலைக் குறிக்க வடமொழியார் முன்னர் ஆண்டது வேறொரு சொல். செல்லுதலைக் குறிக்கும் ‘இ’ என்னும் தாதுவின் முன்னே ‘அதி’ என்பதைச் சேர்த்து அதனை ஆக்கினர். அத்தியயனமும் அத்தியாயமும் உபாத்தியாயரும் அவ்வழி வந்தனர். உபாத்தியாயர் தேய்ந்து தமிழில் வாத்தியார் ஆனார். அந்தத் தேய்வும் போதாதென்று மாணாக்கர் ‘வாத்தி’ என இன்னும் தேய்த்துவிட்டனர். அதன்பொருட்டு நாம் எவர்மீதும் வழக்குத் தொடுப்பதாயில்லை.

இனித் தமிழ்ப் ‘படி’க்கு வருவோம். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகன், வாசித்தற் பொருளில் வரும் ‘படி’க்குப் ‘பட்’ என்பதையே மூலமாகக் காட்டிற்று. தனித்தமிழ் அன்பர்கள் இதனை ஒப்பவில்லை. தூசி படிகிறது, வண்டல் படிகிறது, பழக்கம் படிகிறது. அவ்வாறே மனத்திற் படியச் செய்தல் படித்தலாயிற்று என்பது அவர்களின் விளக்கம். இவ்விளக்கத்தை எள்ளி நகையாடுவது நேர்மையாகாது. படிந்தது, படித்தது எனத் தன்வினையும் பிறவினையும் இணையாக நிற்றல் தமிழுக்கு இயல்பே. எனினும் எதிர்ச்சான்றுகள் வலியன. வடமொழி வினைகளைத் தமிழ் எடுத்தாள்கையில் இகரம் சேர்த்து, இறந்தகாலத்தில் தகரத்தை இரட்டிக்க வைக்கும்: வசித்தான், யோசித்தான், சிந்தித்தான், நிந்தித்தான், வாசித்தான். படித்தான் என்பது அந்த வரிசையில் எவ்வித இடரும் இன்றிப் பொருந்துகிறது. திருக்குறளில் கல், ஓது, கேள் என்பன உண்டு. வாசித்தற் பொருளிலே ‘படி’ இல்லை. மலையாளத்தார் மாடிப் ‘படி’யைச் சாதாரண டகரத்தாலும், கற்றலாகிய ‘படி’யை மூச்சொலி கலந்த எழுத்தாலும் இன்றுவரை வேறுபடுத்தி எழுதுகின்றனர். ஆதலின் நம் தீர்ப்பு இது: ‘படி’ வந்த சொல், வந்தமர்வதற்கு ஏற்ற ஆசனம் ஒன்று தமிழிலே முன்னரே இருந்தமையால், வந்தது தெரியாமல் அமர்ந்துகொண்ட சொல்.

தீர்ப்பைக் கேட்டவுடன் முதற் படையினர் வெற்றி முரசு அறையத் தொடங்குவர். அவர்களிடம் ஒன்று கேட்கிறோம். கடன் கொடுத்தவர் அதனை எங்கிருந்து எடுத்துக் கொடுத்தார்?

வடமொழி வானத்திலிருந்து இறங்கியதன்று. ஆடுதலைக் குறிக்கும் ‘நிருத்’ என்பது பாமர மக்களின் வாயில் ‘நட்’ ஆகி, அந்த வடிவிலேயே பண்டிதரின் மொழிக்குள் மீண்டும் புகுந்தது. நடனும் நாடகமும் அதனால் வந்தவை. ‘விகிருத’ என்பது ‘விகட’ ஆயிற்று; தமிழன் விகடம் என்று சொல்லிச் சிரிப்பது அந்தச் சிதைந்த சொல்லைத்தான். இவ்வாறு நாவை மடித்து ஒலிக்கும் டகர, ணகரங்களைக் கொண்ட வடசொற்களிற் பல, இலக்கணம் கல்லாத பாகத மக்களின் வாய்மொழியிற் பிறந்தவை. மீனம், நீரம் ஆகியவை திராவிட மொழிகளிலிருந்து வடமொழிக்குச் சென்றவை என்பது மொழியியலார் பலர் ஒப்பிய முடிபு. 1894இல் வெளிவந்த தம் கன்னட அகராதியிலேயே கிற்றல் பாதிரியார் இத்தகைய சொற்களைப் பட்டியலிட்டார். அரை நூற்றாண்டுக்குப் பின் பரோ அவற்றைச் சலித்து ஆராய்ந்தார். தேவர்களின் மொழி என்று போற்றப்படுவது மீனவரிடமும் உழவரிடமும் கூத்தரிடமும் கைந்நீட்டி வாங்கியிருக்கிறது. அதில் அதற்கு இழிவில்லை. வாங்காத மொழி பேசுவாரற்ற மொழியாகவே இருக்கும். வாங்கியதை மறைத்துக் கொடுத்ததை மட்டும் முரசறைவதுதான் இழிவு.

இந்த மறைப்பு வேலைக்குத் தமிழ்ப் பண்டிதரும் துணை போனதுண்டு. பதினேழாம் நூற்றாண்டில் இலக்கணக்கொத்து இயற்றிய சுவாமிநாத தேசிகர், தமிழுக்கே உரிய எழுத்துக்கள் ஐந்து என்றும், ஐந்தெழுத்தை மட்டும் உடையதைப் பாடை என்று சொல்லவும் அறிவுடையோர் நாணுவர் என்றும் கருத்துரைத்தார். அந்த நாணத்தை அவர் தமிழில் எழுதித்தான் தெரிவித்தார் என்பதை இங்கே குறித்துவைப்போம்.

அந்த நாணத்தை உதறுவதற்கு வழிகாட்டியதும் வேர்ச்சொல் ஆராய்ச்சியே. 1816ஆம் ஆண்டில், சென்னையில் ஆட்சியாளராயிருந்த எல்லிஸ், காம்பெல்லின் தெலுங்கு இலக்கணத்துக்கு எழுதிய முன்னுரையில், வடமொழித் தாதுக்களின் வரிசையையும் தெலுங்கு வினையடிகளின் வரிசையையும் அருகருகே வைத்தார், இரண்டும் ஒட்டவில்லை. தெலுங்கு, கன்னடம், தமிழ் ஆகியவற்றின் வினையடிகளை அருகருகே வைத்தார், அவை ஒட்டின. தென்னாட்டு மொழிகள் தனிக் குடும்பம் என்பதற்கு அச்சிலேறிய முதற் சான்று அது. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணத்துக்கு நாற்பது ஆண்டு முற்பட்டது. எல்லிஸ் செய்தது என்ன? தனிச் சொல் ஒன்றைத் தூக்கிப் பிடித்து உரிமை கோரவில்லை. வரிசையை வரிசையோடு ஒப்பிட்டார். கடனாக வந்த சொற்களை ஒதுக்கிவைத்தார். அவை இருந்தமை பற்றிக் கலங்கவில்லை.

நமது இலங்கையிலே நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் (1875–1947) இத்துறையிலே தனியொருவராய் உழைத்த உழைப்பு மலைக்கத்தக்கது. 1938 முதல் பகுதி பகுதியாக அவர் வெளியிட்ட சொற்பிறப்பு ஒப்பியல் தமிழகராதியைக் கையிலெடுக்கும் எவரும் அந்தப் பன்மொழிப் புலமைக்குத் தலைவணங்குவர். ஆயின் அ, இ, உ என்னும் சுட்டொலிகளிலிருந்து தமிழ் வேர்களையும், அவற்றிலிருந்து ஐரோப்பிய மொழிகளின் வேர்களையும் பிறப்பிக்க அவர் முயன்றபோது, எல்லிஸ் காத்த வரம்பு உடைந்தது. பின்னர்த் தமிழகத்திலே தேவநேயப் பாவாணர் (1902–1981) அவ்வழியிலே இன்னும் நெடுந்தூரம் சென்றார். வறுமையிலும் தளராத அவரது தமிழ்ப் பற்றை நாம் மதிக்கிறோம். உலக மொழிகள் அனைத்துக்கும் தமிழே தாய் என்ற அவரது முடிபை ஏற்க இயலாது. ஒலி ஒத்தால் உறவு, ஒலி ஒவ்வாவிட்டால் திரிபு என்று கொள்ளும் முறையிலே எதனையும் நிறுவலாம். எதனையும் நிறுவவல்ல முறை எதனையும் நிறுவுவதில்லை. தொல்காப்பியரோ இதில் மிக்க எச்சரிக்கையோடு நடந்தார். ஒரு சொல் இன்ன பொருளை உணர்த்துவதற்குக் காரணம் பார்த்த மாத்திரத்தில் விளங்கித் தோன்றாது என்று உரியியலிலே அவர் உரைத்துப் போனார். வடக்கே யாஸ்கரின் நிருத்தமும் இவ்வினாவை எழுப்பிற்று: எல்லாப் பெயரும் வினையடியிற் பிறந்தவை என்றார் சாகடாயனர், எல்லாம் அல்ல என்று மறுத்தார் கார்க்கியர். அறிஞர் ஐயுற்று நின்ற இடத்திலே மேடைப் பேச்சாளருக்கு ஐயமே இல்லை.

இந்தப் பூசல் அகராதிக்குள்ளேயே அடங்கிக் கிடக்குமாயின் நாம் இத்துணை சொல்லவேண்டியதில்லை. திருகோணமலை மாவட்டத்தில் வாழ்பவர்க்கு அது அகராதிக்குள் அடங்குவதன்று என்பது தெரியும். இம்மாவட்டத் தலைநகரின் பெயரையே எடுத்துக்கொள்வோம். மகாவம்சம் கோகண்ணம் என்கிறது. அது கோகர்ணம் என்னும் வடசொல்லின் பாளி வடிவம். சம்பந்தர் கோணமாமலை எனப் பாடினார். திரிகோணம் என்று எழுதி மூன்று மூலைகளைத் தேடுவாரும் உளர். கோணுதல் என்னும் தமிழ் வினையிலிருந்து வளைந்த கரைக்குப் பெயர் வந்தது என்பாரும் உளர். நால்வரும் மொழியாராய்ச்சிதான் செய்கின்றனர் என்று எண்ணவேண்டாம். ஒவ்வொருவர் மடியிலும் காணி உறுதி ஒன்று மறைந்திருக்கிறது. இந்தச் சொல் எங்களுடையது, ஆகவே இந்த மண் எங்களுடையது; நீங்கள் பின்னர் வந்தவர்கள். இதுவே எழுதப்படாத அடுத்த வரி. ஊர்ப் பெயர்ப் பலகைகளை மாற்றியவர்களும் மாற்றம் கண்டு கொதித்தவர்களும் இந்த வரியை மனத்தில் வைத்தே சொற்பிறப்புப் பேசினர். நிலத்தில் யார் உழுகிறார், கடலில் யார் வலை வீசுகிறார், வயலுக்கு நீர் வருகிறதா என்பன போன்ற கேள்விகளுக்குச் சொல்லின் வேர் விடை தராது.

நம் ஊராகிய கிண்ணியாவின் தமிழும் இவ்வுறுதிக்காரரின் தராசில் ஏற்றப்பட்டதுண்டு. அரபுச் சொல் மிகுந்த தமிழ், ஆதலின் கலப்புத் தமிழ் என்று ஒதுக்குவாரை நாம் கண்டிருக்கிறோம். அவர்களுக்கு விடையாக ஒரே ஒரு சொல்லை எடுத்துக்காட்டுவோம். கொட்டியாரக் குடாவின் கரையிலே, வீட்டு முற்றத்தில் நின்று ஒரு தாய், “மகன் காலையில ஓதப் போவான், பிறகு படிக்கப் போவான்” என்கிறாள். குர்ஆனுக்கு ஓதல், பாடசாலைக்குப் படித்தல். இரண்டையும் முற்ற முடித்தவனை ‘ஓதிப் படித்தவன்’ என்று ஊர் மதிக்கிறது. நோயாளிக்குத் தண்ணீர் ஓதிக் கொடுக்கின்றனர், பாத்திஹா ஓதுகின்றனர், மௌலூது ஓதுகின்றனர்.

இந்த ‘ஓது’ யாருடைய சொல்? கலப்பற்ற பழந்தமிழ்ச் சொல். தலைவன் தலைவியைப் பிரிந்து செல்வதற்குரிய காரணங்களாகத் தொல்காப்பியர் எண்ணியவற்றுள் முதலாவது ஓதல். ஔவையார் ஆத்திசூடியிலே ஓகார வரிசைக்கு எடுத்துக்கொண்டதும் இதுவே. கன்னடத்தார் வாசித்தலுக்கு இன்றும் ‘ஓது’ என்பதையே அன்றாடம் வழங்குகின்றனர். தமிழரிற் பெரும்பாலார் அதனைக் கோயிலுக்குள்ளே ஓதுவாரிடம் ஒப்படைத்துவிட்டு, வீட்டு வழக்கிலே வடமொழிப் ‘படி’யையும் ‘வாசி’யையும் வைத்துக்கொண்டனர். அரபு வேதத்தைக் கற்கும் பிள்ளையோ அந்தப் பழந்தமிழ் வினையை நாள்தோறும் வாயில் வைத்திருக்கிறது. தூய்மையை அளக்கும் தராசு இதனை எப்படி நிறுக்கும்? பள்ளிவாசலில் ஓதுபவர் தனித்தமிழராகவும், தமிழ்ச் சங்கத்திற் படிப்பவர் வடமொழியாளராகவும் ஆகிவிடுகின்றனர். தராசைத் தூக்கி எறிவதைவிட வேறு வழியில்லை.

குர்ஆன் என்ற பெயரின் மூலமும் இவ்விடத்திலே நினைக்கத்தக்கது. காஃப், றா, ஹம்ஸா என்ற மூன்று எழுத்துக்களாலான அரபு வினையடி அது; ஓதுதல், வாசித்தல் இரண்டையும் குறிக்கும். நபிகளாருக்கு அருளப்பட்ட முதற் கட்டளையும் இவ்வடியிற் பிறந்த ‘இக்ரஃ’ என்பதே. தெற்கே, நம் அயல்மொழியாகிய சிங்களத்தைப் பாருங்கள். ‘கியனவா’ என்றால் சொல்லுதல். அதன் பிறவினையாகிய ‘கியவனவா’ என்பதே வாசித்தல். எழுத்தைச் சொல்லவைப்பது வாசிப்பு. தமிழ் ‘வாசி’யும் மலாய்க்காரரின் ‘பாச்சா’வும் பேச்சைக் குறிக்கும் வடமொழி ‘வாச்’ என்பதிலிருந்து வந்தவை. ஓது, பட், இக்ரஃ, கியவனவா: எந்த மொழியை எடுத்தாலும் வாசிப்பின் தொடக்கம் வாய், கண் அன்று, கருத்தும் அன்று. குடும்பத்தால் வேறுபட்ட மொழிகள் இதில் ஒன்றுபடுவதற்குக் காரணம் இரத்த உறவு அன்று. ஏடு அரிதாயிருந்த காலத்தில், ஆசான் ஒருவன் சொல்ல மாணாக்கர் பலர் சேர்ந்து சொல்லிக் காத்த வாழ்க்கை முறையே காரணம். சொற்பொருளை உண்டாக்குவது இனம் அன்று, வாழ்க்கை. வேர்ச்சொல் ஆராய்ச்சியால் நாம் பெறக்கூடிய பெரும்பயன் இதுவேயாக, அதனை விட்டுவிட்டு உறுதிப் பத்திரம் தேடுகின்றனர்.

வாய்வழிக் கல்வியை நாம் பழிக்கவில்லை. எழுத்துப் பிழை, சொற்பிழை நேராமல் நூற்றாண்டுகள் கடந்து நூல்களைக் காத்தது அது. ஆயினும் வாய் மட்டும் போதும் என்று அந்த மரபினரும் கருதியதில்லை. பாணினீய சிட்சை என்னும் ஒலிநூல் இழிந்த பாடகர் அறுவரை எண்ணுகிறது. இங்கே பாடகர் என்பது இசை பாடுவோரை அல்ல, ஒப்பிப்போரை. இராகமிட்டு இழுப்பவன், அவசரப்படுபவன், தலையை ஆட்டுபவன், எழுதியதைப் பார்த்து வாசிப்பவன், பொருள் அறியாதவன், குரல் நலிந்தவன் என்போர் அவ்வறுவர். இதில் ஏட்டைப் பார்த்து வாசிப்பவனையும் இழிந்தோருடன் சேர்த்தமை நமக்கு இன்று வேடிக்கையாயிருக்கும். ஆனால் பொருள் அறியாதவனையும் அதே வரிசையிலே நிறுத்தினரே, அதனைக் கவனிக்கவேண்டும். யாஸ்கர் இன்னும் கடுமையாகச் சொன்னார்: வேதத்தை ஓதிப் பொருள் உணராதவன் சுமை தாங்கி நிற்கும் வெறும் கட்டை என்பது அவர் கருத்து.

இவ்வளவு அறிந்திருந்தும் அந்த மரபு ஒரு கொடுமையைச் செய்தது. வேதம் ஓதுவதைச் சூத்திரன் செவிமடுத்தால் அவன் காதில் ஈயமும் அரக்கும் உருக்கி ஊற்றுக என்று கௌதம தர்மசூத்திரம் விதித்தது. வாயால் ஒலிப்பதே கல்வியாயிருந்தபடியால், தண்டனை காதைத் தேடி வந்தது. ‘பட்’ என்னும் தாதுவின் பொருளை முழுமையாக எழுதப் புகுவோர் இதனையும் எழுதவேண்டும்: எவரும் ஒலிக்கலாம் என்பதன்று, உரியவர் ஒலிக்கலாம் என்பதே அதன் பழம்பொருள்.

இதைக் கேட்டுத் தனித்தமிழ்ப் படையினர் மகிழ்வதற்கு இடமில்லை. ஓதலுக்காகப் பிரிதலும் தூதுக்காகப் பிரிதலும் உயர்ந்தோர்க்கு உரியன என்று வரம்பிட்டது தொல்காப்பியமே. ‘கல்’ என்பது தூய தமிழ். கல்வி தூய தமிழ். பள்ளியும் அவ்வாறே கருதப்படுவது. அந்தத் தூய தமிழ்ச் சொற்கள் வழங்கிய யாழ்ப்பாணத்திலேதான், ஒடுக்கப்பட்ட சாதியினரின் பிள்ளைகள் பாடசாலைகளிலே நிலத்தில் இருத்தப்பட்டனர். 1929, 1930ஆம் ஆண்டுகளில், அரசின் நன்கொடை பெறும் பாடசாலைகளிலே சம ஆசனம் வழங்கவேண்டும் எனப் பணிக்கப்பட்டபோது, பாடசாலைகள் சில தீக்கிரையாக்கப்பட்டன. தீவைத்தவர் கைகளுக்குச் சொற்பிறப்பு ஒரு தடையாயிருக்கவில்லை. பெண்பிள்ளைகள் பருவம் எய்தியதும் ஓதலையும் படித்தலையும் ஒருங்கே நிறுத்திய வீடுகள் நம் பகுதியிலும் எத்தனையோ இருந்தன. அங்கே ‘ஓது’ என்னும் பழந்தமிழ் அவர்களுக்கு ஒரு நாளேனும் பரிந்து பேசியதில்லை.

இச்சொற்களின் பொருளை மாற்றியது எந்தப் பண்டிதரும் அல்லர். 1945ஆம் ஆண்டிலே, கல்வி அமைச்சராயிருந்த கன்னங்கரவின் முயற்சியால் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. கட்டணம் கொடுக்க வழியற்ற கமக்காரரின் பிள்ளையும் கடற்றொழிலாளியின் பிள்ளையும் இடைநிலைக் கல்வியை எட்டிப் பார்க்கலாயினர். உரியவர் மட்டும் ஒலிப்பது என்று தொடங்கிய தாது, எவரும் நுழையும் கட்டடத்தின் பெயரிலே வந்து நின்றது. சிங்களவர் அதனைப் ‘பாசல’ என்பர். நாம் பாடசாலை என்போம். இரண்டும் ஒரே பாடசாலா. பெயர் ஒன்றாயிருந்தும், அதற்குள்ளே சிங்களப் பிள்ளையும் தமிழ் பேசும் பிள்ளையும் பெரும்பாலும் சந்திப்பதில்லை என்பது வேறு கதை. அதுபற்றித் தனியே எழுதவேண்டும். இப்போது நாம் சுட்டுவது ஒன்றே. பாடசாலை என்னும் சொல்லைப் பெயர்த்தெறிந்து பள்ளிக்கூடம் என்று மாற்றினால்தான் தமிழ் பிழைக்கும் என்பாருக்கு, ஏழைப் பிள்ளைகளின் நுழைவால் புனிதம் பெற்றுவிட்ட சொல் இது என்பது தெரியவில்லை. பள்ளிக்கூடம் என்பதையும் நாம் விரும்பியே வழங்குவோம். இரண்டு பெயர்களாலும் அழைக்கத்தக்க பெருமை அந்தக் கட்டடத்துக்கு உண்டு.

பெருமை உண்டு; ஆனால் உள்ளே நடப்பது என்ன? இங்கேதான் சொற்பிறப்புப் படையினர் இருவர்மீதும் நமக்குச் சினம் எழுகிறது. இலங்கைத் தமிழிலே மனனம் செய்தலைப் ‘பாடமாக்குதல்’ என்போம். புலியைக் கொன்று தோலுரித்துப் பஞ்சடைத்து வைப்பதையும் ‘பாடம் செய்தல்’ என்று சொல்வதுண்டு. பின்னது வேறு மூலத்தின் வழி வந்த சொல்லாயிருக்கலாம். எனினும் நம் பரீட்சை முறையைப் பார்த்தவன் இரண்டையும் ஒரே சொல் என்று கருதினால் அவனைத் திருத்த நமக்கு மனம் வராது. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிற் பரீட்சையிலிருந்து உயர்தரம் வரைக்கும், அச்சிட்ட வினாவுக்கு அச்சிட்ட விடையைப் பிள்ளைகள் பாடமாக்குகின்றனர். தனியார் வகுப்புகளிலே மாதிரிக் கட்டுரைகள் விற்பனையாகின்றன. வாங்க இயலாத பிள்ளை வாங்கிய பிள்ளையிடம் இரந்து பார்த்தெழுதிப் பாடமாக்குகிறது.

நாம் திருத்திய விடைத்தாள்களுள் ஒன்று கடலைப் பற்றியது. எழுதிய சிறுவனின் வீடு கடற்கரையில் உள்ளது. தந்தை மீன்பிடித்து வாழ்பவர். 2009இல் பாலம் திறக்கப்படும்வரைக்கும் பாதையிலேறி நீரைக் கடந்துதான் அவன் குடும்பத்தார் திருகோணமலை நகருக்குச் சென்றனர். அவன் எழுதியிருந்தான்: மலைகளால் சூழப்பட்ட தன் கிராமத்திலிருந்து சுற்றுலா சென்று, வாழ்விலே முதன்முறையாகக் கடலைக் கண்டு வியந்தானாம். எழுத்துப் பிழை இல்லை. சந்தி பிசகவில்லை. உவமைகள் இரண்டு இருந்தன. விதிப்படி நிறைந்த புள்ளிகள் வழங்கவேண்டிய கட்டுரை. பாணினீய சிட்சை எண்ணிய அறுவரில் ஐந்தாமவனாக இந்தச் சிறுவனை ஆக்கியவர் யார்? அவனது கண்ணையும் அவன் தந்தையின் கடலையும் அவனிடமிருந்து பறித்துவிட்டு, அதற்கு ஈடாக ஒப்பித்தலைக் கொடுத்தவர் யார்? இக்குற்றத்துக்கு வடமொழியும் பொறுப்பன்று, தமிழும் பொறுப்பன்று. பரீட்சையைச் சல்லடையாக்கி, பல்கலைக்கழக இடங்களைச் சுருக்கி, ஆசிரியர் பற்றாக்குறையைப் பின்தங்கிய மாவட்டங்களின் தலையெழுத்தாக்கிய ஏற்பாடே பொறுப்பு. அந்த ஏற்பாட்டை எதிர்த்து எழுதப்படவேண்டிய ஏடுகளிலே, ‘படி’யின் டகரத்துக்கு மூச்சொலி உண்டா இல்லையா என்று பக்கம் பக்கமாகப் போர் நடக்கிறது.

‘பட்’ என்பது ஒலித்தலில் தொடங்கி, வாசித்தலாகி, கற்றலாகி, நம் நாட்டிலே உரிமையாகவும் ஆகிய சொல். விளங்குதல் என்னும் பொருள் அதற்கு இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை. அது அகராதியில் எழுதி வரவழைக்கத்தக்கதும் அன்று.

இரு படை அறிஞரையும் ஓர் அழைப்பு விடுத்துக் கேட்டுக்கொள்கிறோம். தவணைப் பரீட்சைக்கு முந்திய வாரத்தில் நம் பக்கம் எந்தப் பாடசாலைக்கேனும் வருக. வகுப்பறைக்குள்ளே புகவேண்டாம், வாசலில் வேப்பமர நிழலில் நின்றாற் போதும். நாற்பது பிள்ளைகள் ஒரே குரலில் ஒப்பிப்பது கேட்கும். அதனைப் படித்தல் என்பதா, ஓதல் என்பதா, பாடமாக்குதல் என்பதா என்று தீர்மானித்துவிட்டு, அந்த நாற்பதின்மரில் ஒருவரை அழைத்து, இப்போது நீ சொன்னதன் பொருள் என்ன என்று கேட்டுப் பாருங்கள்.